மேல்மண் பொருக்கு: மழைநீர் ஏன் வழிந்தோடுகிறது, மண் ஏன் அரிக்கப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிலம் மழையை உள்வாங்குமா, ஓடவிடுமா என்பதைப் பல நேரங்களில் அதன் மேல் சில மில்லிமீட்டர் மண்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு ஆழமான, வளமான மண்ணாக இருந்தாலும், மேற்பரப்பு இறுகி மூடிக்கொண்டால் அந்த ஆழத்துக்கு மழை போய்ச் சேர்வதில்லை. பள்ளம் விழுந்த இடத்தில் கல் அடுக்குகிறோம், தடுப்பு கட்டுகிறோம். அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீரை அனுப்பிய மேட்டு நிலத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. கீழே வரும் கேள்விகளும் பதில்களும் அந்த மேற்பரப்பைப் பற்றியவை.

மேல்மண் பொருக்கு என்பது சரியாக என்ன?

மழைத்துளிகள் அடித்து மண்கட்டிகள் உடைந்து, அவற்றிலிருந்து பிரிந்த நுண்துகள்கள் நெருக்கமாகப் படிந்து உருவாகும் மெல்லிய, அடர்ந்த மேல்படலம். ஈரமாக இருக்கும்போது அது மண்ணின் துளைகளை அடைத்த வழவழப்பான பூச்சுபோல் தெரியும். காய்ந்தபின் விரலால் பெயர்த்தெடுக்கக்கூடிய ஓடாகிவிடும். தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானதிலிருந்து சில மில்லிமீட்டர் வரை இருக்கும். சேறு வந்து தேங்கும் தாழ்வான இடங்களில் சென்டிமீட்டர் கணக்கிலும் போகலாம்.

உழவு ஆழத்துக்குக் கீழே உருவாகும் கடின அடுக்கு வேறு. கனரக இயந்திரங்களின் சக்கரம் ஏறி ஏற்படும் இறுக்கமும் வேறு. உப்பு பூத்து வெண்மையாகத் தெரியும் படலமும் இதுவல்ல. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு என்பதால் தீர்வும் வேறு. ஆழமாக உழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் பணத்தைச் செலவிடுவதற்கு முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மழைத்துளி அவ்வளவு சிறியது. அது மண்கட்டியை உடைக்குமா?

உடைக்கும். சுமார் 5 மி.மீ. விட்டமுள்ள பெரிய துளி, நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. 1 மி.மீ. துளியின் வேகம் நொடிக்கு 4 மீட்டர் அளவே. துளியின் நிறை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெரிய துளி ஒன்று தரையில் இறக்கும் ஆற்றல் சிறிய துளியுடையதைப்போல் 600 மடங்குக்கும் மேல். தூறலும் கனமழையும் ஒரே அளவு நீரைக் கொட்டினாலும் மண்ணுக்குச் செய்வது ஒன்றல்ல என்பதற்கு இதுவே காரணம். மழைத்துளியின் அடியே அரிப்பின் முதல் படி என்பதை 1940களில் அமெரிக்காவில் மண் அரிப்பு ஆய்வாளர் எல்லிசன் செய்த சோதனைகள் தெளிவாக்கின. அதுவரை ஓடும் நீரை மட்டுமே குற்றவாளியாகப் பார்க்கும் வழக்கம் வலுவாக இருந்தது.

ஆனால் அடி மட்டுமே காரணமல்ல. மண்திரள்கள், அதாவது துகள்கள் ஒட்டிச் சேர்ந்த சிறு கட்டிகள், உடையும் வழிகளை நான்காகப் பிரிப்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டது. பிரெஞ்சு மண்ணியலாளர் லெ பிஸ்ஸொனே 1996இல் இந்த நான்கையும் வகுத்து, அவற்றை அளக்கும் சோதனைகளையும் முன்வைத்தார்.

முதலாவது, காய்ந்த மண்திரள் திடீரென நனைவது. நீர் எல்லாப் பக்கமும் சூழ்ந்து உள்ளே புகும்போது, துளைகளில் இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் அழுந்துகிறது. கடைசியில் திரளை உள்ளிருந்தே பிளக்கிறது. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் கனமழை மண்ணுக்கு அத்தனை ஆபத்தானதாக இருப்பது இதனால்தான். அதே மண், முன்பே தூறலில் மெல்ல நனைந்திருந்தால், அதே கனமழையை நன்றாகவே தாங்கும்.

இரண்டாவது, களிமண் சமமில்லாமல் உப்பி விரிசல் விடுவது. மூன்றாவது, துளியின் நேரடி அடி. நான்காவது வேதியியல் சார்ந்தது: களித்துகள்களின் மேல் சோடியம் அதிகம் ஒட்டியிருந்தால், அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் நீரில் கலைந்து பால்போல் பரவிவிடும். மழைநீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு என்பது இந்தக் கலைதலை இன்னும் எளிதாக்குகிறது. கிணற்று நீர் பாயும்போது ஒழுங்காக உறிஞ்சும் மண், மழை பெய்ததும் மூடிக்கொள்வதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. பாசன நீரில் உள்ள உப்பு களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது, மழை அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டது என்பதே பெரும்பாலும் விளக்கம்.

உடைந்த துகள்கள் பிறகு அருகிலிருக்கும் துளைகளுக்குள் அடித்துச் செல்லப்படுகின்றன. தொடர்ந்து விழும் துளிகள் மேற்பரப்பை அழுத்துகின்றன. இவ்வாறு துளைகள் அடைபடுவதோடு பொருக்கு உருவாகிவிட்டது.

ஒரு மில்லிமீட்டர் படலம் இவ்வளவு நீரைத் தடுக்க முடியுமா?

நீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அது கடந்தாக வேண்டிய மிகக் குறுகலான இடமே முடிவுசெய்கிறது. அந்த இடம் எவ்வளவு மெல்லியது என்பது இரண்டாம்பட்சம். 1958இல் ஆஸ்திரேலிய மண்ணியலாளர் மெக்கின்டயர் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவர் ஆராய்ந்த பொருக்கில் மேலே சுமார் 0.1 மி.மீ. தடிமனில் ஒரு தோல் இருந்தது. அதன் நீர் ஊடுருவும் தன்மை அடிமண்ணுடையதைவிடச் சுமார் 2,000 மடங்கு குறைவு. அதற்குக் கீழே நுண்துகள்கள் அடைந்த பகுதியில் அது சுமார் 200 மடங்கு குறைவு. எல்லா மண்ணிலும் இதே எண்கள் வரும் என்பதல்ல. ஆனால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலம் எவ்வளவு செய்துவிடும் என்பதற்கு இது போதுமான சான்று.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 மி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் மழை பெய்கிறது. மொத்தம் 20 மி.மீ. பொருக்கு இல்லாத நிலம் மணிக்கு 50 மி.மீ. வரை உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சொட்டும் ஓடாது. பொருக்கு தட்டி அந்த வேகம் மணிக்கு 8 மி.மீ. ஆகிவிட்டால், அரை மணியில் இறங்குவது 4 மி.மீ. மட்டுமே. மீதி 16 மி.மீ. வழிந்தோடும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. நீர் என்பது 10,000 லிட்டர். ஆக, ஒரே மழையில், ஒரே ஹெக்டேரிலிருந்து, 1,60,000 லிட்டர் நீர் வெளியேறுகிறது. மழையின் வேகம் மண்ணின் உறிஞ்சும் வேகத்தை மீறினால் மிகுதி வழிந்தோடும் என்று அமெரிக்க நீரியலாளர் ஹார்ட்டன் 1933இல் வகுத்த கொள்கை இதுதான். மழையை நம்மால் மாற்ற முடியாது. மண்ணின் உறிஞ்சும் வேகத்தை மாற்ற முடியும், பெரும்பாலும் அதைக் கெடுத்ததும் நாம்தான்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: மேலே நீர் தேங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதும் பொருக்குக்குக் கீழே உள்ள மண் நிறைவாக நனைந்திருக்காது. வெள்ளம் ஓடிய வயலில் மறுநாள் தோண்டிப் பார்த்தால், ஒரு சாண் ஆழத்தில் புழுதி இருப்பதைக் காணலாம். ‘மண் நிறைந்துவிட்டது, அதனால்தான் ஓடியது’ என்று சொல்லப்படும் பல இடங்களில் மண் நிறையவே இல்லை.

பொருக்கு உருவாக எவ்வளவு நேரம் மழை பெய்ய வேண்டும்?

நேரத்தைவிட, மொத்தமாக எவ்வளவு ஆற்றல் தரையில் இறங்கியது என்பதே முக்கியம். பாதுகாப்பில்லாத, நுண்ணியதாக உழப்பட்ட மண்ணில் ஒரே ஒரு நல்ல மழை போதும். மண் உறிஞ்சும் வேகம் மழையின் தொடக்கத்தில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு ஒரு குறைந்த அளவில் நிலைகொள்ளும். கட்டிகள் பெரிதாகவும் மேற்பரப்பு கரடுமுரடாகவும் இருந்தால் இந்தச் சரிவு தாமதமாகும். விதைப்புக்காக மண்ணை மாவாக்குவதில் பெருமை கொள்ளும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. விதை விழும் வரிசை மட்டும் நயமாக இருந்தால் போதும்; இடைப்பட்ட பகுதி கட்டியாக இருப்பது நிலத்துக்கு நல்லது.

எந்த மண்ணில் இது அதிகம்?

நுண்படிவுத் துகள்கள் மிகுந்த மண்ணில் அதிகம். மணல் துகளைவிடச் சிறியதும் களித்துகளைவிடப் பெரியதுமான இவற்றுக்கு, ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கும் திறன் குறைவு. துளைகளை அடைக்கும் அளவுக்கு நுண்மையோ உண்டு. காற்று கொண்டுவந்து படிந்த லோயெஸ் மண் இதற்குப் பேர்போனது. களி விகிதத்தைப் பொறுத்தவரை, இஸ்ரேலில் நடந்த ஆய்வுகளில் 20 முதல் 30 சதவீதம் களி கொண்ட மண் மிக எளிதாக மூடிக்கொண்டது. அதற்குக் குறைந்தால் அடைக்கத் தேவையான களி இல்லை. அதற்குக் கூடினால் களியே திரள்களைக் கட்டிக்காக்கிறது.

அங்ககப் பொருள் குறைந்த மண், சோடியம் மிகுந்த மண், ஆண்டுக்குப் பலமுறை உழப்பட்டு வெறுமையாக விடப்படும் மண் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. மாறாக, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிகுந்த சில வெப்பமண்டலச் செம்மண் வகைகளில் நுண்திரள்கள் மிக உறுதியானவை. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. செம்மண்ணிலேயே மிக மோசமாகப் பொருக்கு தட்டும் வகைகளும் இருக்கின்றன.

பொருக்கு மண்ணை இறுக்கிப் பிடிக்கிறதே, அப்படியானால் அரிப்பு குறையத்தானே வேண்டும்?

இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

இறுகிய மேற்பரப்பில் விழும் துளி, தளர்ந்த மண்ணில் விழுவதைவிடக் குறைவான துகள்களையே தெறிக்கவைக்கும். ஒரு சதுர மீட்டர் சோதனைப் பரப்பில் மட்டும் அளந்தால், பொருக்கு முதிர முதிர வழிந்தோடும் நீரில் லிட்டருக்கு உள்ள மண்ணின் அளவு குறைந்துகொண்டே போவதைக்கூடக் காணலாம். ஆனால் லிட்டருக்கு உள்ள மண் குறையும்போதே, ஓடும் லிட்டர்களின் எண்ணிக்கை பன்மடங்காகிவிடுகிறது. இரண்டையும் பெருக்கித்தான் இழப்பைக் கணக்கிட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த நீர் எங்கே போகிறது என்பது. வயலின் மேற்பகுதியில் அது காகிதத் தடிமனில் பரவி ஓடுகிறது. அங்கே காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சரிவில் இறங்க இறங்க, உழவுச் சால்களிலும் சக்கரத் தடங்களிலும் இயற்கையான தாழ்வுகளிலும் ஒன்றுசேர்கிறது. ஒன்றுசேர்ந்த நீருக்கு ஆழமும் வேகமும் கூடுகின்றன. மண்ணைப் பெயர்க்கத் தேவையான எல்லையைத் தாண்டியதும் விரல் ஆழத்தில் ஓடைகள் வெட்டப்படுகின்றன, பிறகு கால் ஆழத்தில், பிறகு ஆளையே விழுங்கும் பள்ளங்கள். அந்தப் பள்ளத்தில் ஓடிய நீரில் பெரும்பங்கு, மேலே எந்தச் சேதமும் இல்லாமல் ‘நன்றாக இருக்கும்’ வயலிலிருந்து வந்தது.

வடமேற்கு ஐரோப்பாவின் லோயெஸ் நிலங்கள் இதற்குத் தெளிவான சாட்சி. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் சரிவுகள் மிகவும் மென்மையானவை. மழையும் வெப்பமண்டல மழைபோல் ஆவேசமானது அல்ல. இருந்தும், இலையுதிர்காலத்தில் விதைக்கப்பட்டு வெறுமையாகக் கிடக்கும் வயல்கள் பொருக்கு தட்டியபின், சாதாரண குளிர்கால மழையிலேயே நீர் ஓடிச் சேர்ந்து, தாழ்வான கிராமங்களுக்குள் சேற்று வெள்ளமாகப் புகுந்திருக்கிறது. கடுமையான சரிவோ கடுமையான மழையோ இல்லாமலே இவ்வளவு நடக்க மூல காரணம், மணிக்குப் பல பத்து மில்லிமீட்டர் உறிஞ்சக்கூடிய மண் மணிக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே உறிஞ்சும் நிலைக்கு வந்ததுதான்.

எனவே பள்ளம் விழுந்த இடத்தில் நின்றுகொண்டு அதற்கு மருந்து தேடினால் போதாது. நீர் வந்த வழியே மேலே நடந்துபோக வேண்டும்.

சரிவு கூடினால் பொருக்கும் மோசமாகுமா?

எப்போதும் அப்படியில்லை. செங்குத்தான சரிவில் பொருக்கு உருவாகும்போதே அரிக்கப்பட்டுவிடுவதால், அது மெல்லியதாகவே இருக்கும். அதனால் சில ஆய்வுகளில் மென்மையான சரிவைவிடச் செங்குத்துச் சரிவில் மண் அதிக நீரை உறிஞ்சியது பதிவாகியிருக்கிறது. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருக்கு தங்காததன் பொருள், மண்ணும் அங்கே தங்கவில்லை என்பதே.

எவ்வளவு மண் போனால் கவலைப்பட வேண்டும்?

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் என்பது 10 கன மீட்டர், எடையில் சுமார் 13 டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்ணால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து, மரத்தின் வேர்கள் வெளியே தெரியும்போதும் வேலிக்கல்லின் அடி அம்பலமாகும்போதும்தான் தெரியவரும்.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது, போகும் மண்ணின் தரம். மெல்லிய நீர்ப்படலத்தால் பெரிய மணலைச் சுமக்க முடியாது. அது தேர்ந்தெடுத்து எடுத்துப்போவது களியையும் அங்ககத் துகளையும், அவற்றோடு ஒட்டியிருக்கும் பாஸ்பரசையும் பூச்சிக்கொல்லிகளையும். அதனால் ஓடைக்கு வந்து சேரும் சேறு, அது கிளம்பிய வயலின் மண்ணைவிடச் செழிப்பானது. வயலில் எஞ்சுவது கட்டுறுதி இன்னும் குறைந்த மண். அது அடுத்த மழையில் முன்பைவிட எளிதாகப் பொருக்கு தட்டுகிறது. இந்தச் சுழற்சி தானாக நிற்காது.

எல்லாப் பொருக்கும் ஒரே வகைதானா?

இல்லை. துளி விழுந்த இடத்திலேயே திரள்கள் உடைந்து உருவாவது ஒரு வகை. ஓடிவந்த சேறு தாழ்வான இடத்தில் தேங்கிப் படிந்து உருவாவது இன்னொரு வகை. இரண்டாவதில் துகள்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். காய்ந்ததும் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்ட சில்லுகளாக வெடிக்கும். நீரைத் தடுப்பதில் பெரும்பாலும் இதுவே கடுமையானது. வயலில் இத்தகைய சில்லுகள் பரவலாகத் தெரிந்தால், அங்கே நீர் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வறண்ட நிலங்களில் நீலப்பச்சைப்பாசி, லைக்கன் (பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிர்), மாஸ் என்னும் சிறு தாவரம் ஆகியவை மண்துகள்களைப் பின்னிப் பிடித்து உருவாக்கும் உயிர்ப்பொருக்கு முற்றிலும் வேறானது. அது அரிப்பைக் குறைக்கிறது. நீர் ஊடுருவலை அது கூட்டுகிறதா குறைக்கிறதா என்பது மண்ணையும் அதில் வளரும் உயிர்களையும் பொறுத்து மாறும். கறுத்து, சொரசொரப்பாக இருக்கும் அந்தப் படலத்தைப் பார்த்தால் மிதிக்காமல், கிளறாமல் விட்டுவிடுங்கள். மீண்டும் உருவாக மிக நீண்ட காலம் எடுக்கும்.

என் நிலத்தில் இருப்பதை எப்படிக் கண்டறிவது?

மழைக்குப் பின் காய்ந்த மேற்பரப்பில் கத்தி முனையை நுழைத்து நெம்பிப் பாருங்கள். தகடாகப் பெயர்ந்து வந்து, அதன் கீழே மண் பொலபொலவென்று இருந்தால் அது பொருக்கு. நல்ல மழைக்கு மறுநாள் ஈரம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பது இன்னும் நேரடியான சோதனை. புல் மூடியிருக்கும் வரப்போரத்திலும் தோண்டி ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், அதை உண்டாக்கியது மேற்பரப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்த சோதனைதான் மருந்தைத் தீர்மானிக்கும். பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டிகள் சிலவற்றை, காய்ச்சி வடித்த நீரோ மழைநீரோ நிரப்பிய தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் மெல்ல இடுங்கள், கலக்க வேண்டாம். சில நிமிடங்களில் கட்டி சரிந்து குவியலாகி, நீர் தெளிவாகவே இருந்தால், அது உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தத்தால் உடையும் மண். அதற்குத் தேவை அங்ககப் பொருள். கட்டியைச் சுற்றிப் பால்போன்ற மங்கல் வளையம் பரவினால், களி கலைகிறது. அங்கே சோடியத்தைச் சந்தேகிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒருமுறையும் 20 மணி நேரம் கழித்து ஒருமுறையும் பார்க்கவும். ஆஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் 1967இல் வகுத்த முறையின் எளிய வடிவம் இது. குழாய் நீரைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள உப்பு, களி கலைவதைத் தடுத்து உங்களை ஏமாற்றிவிடும்.

கொத்திவிட்டால் பொருக்கு போய்விடுமே?

போகும், அடுத்த மழை வரை. முளைக்கும் பயிரைக் காப்பாற்ற ஓர் இலேசான கொத்து நியாயமானது, சில நேரங்களில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கொத்துவது திரள்களை மேலும் நொறுக்குகிறது, அங்ககப் பொருள் வேகமாகச் சிதையவும் வழிசெய்கிறது. சில பருவங்களுக்குள்ளேயே பொருக்கு முன்பைவிட விரைவாக உருவாகத் தொடங்கும்.

அப்படியானால் எது உண்மையில் வேலை செய்கிறது?

மூடாக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வைக்கோல், தட்டை, இலைச்சருகு எதுவாக இருந்தாலும், துளியின் ஆற்றலை மண்ணைத் தொடும் முன்பே வாங்கிக்கொள்கிறது. பொருக்கின் பிறப்பிடத்திலேயே அதைத் தடுக்கும் ஒரே முறை இது. நிலம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. பரப்பில் 30 சதவீதம் மூடப்பட்டாலே மண் இழப்பு பாதிக்கும் கீழே குறைவதைப் பல நாடுகளின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பாதுகாப்பு உழவு என்று சொல்வதற்கு விதைப்புக்குப் பின் குறைந்தது 30 சதவீதப் பரப்பில் பயிர்க்கழிவு இருக்க வேண்டும் என்ற வரையறை இதை ஒட்டியதே. மூடாக்கின் கீழே மண்புழுவும் கறையானும் வந்து துளைகளை இடுகின்றன. அந்தத் துளைகள் மேலே அடைபடாமல் திறந்திருக்கும்.

தொழு உரம், பசுந்தாள் உரம், மூடுபயிர் ஆகியவற்றின் பலன் மெதுவாக வரும், ஆனால் ஆழமானது. பூஞ்சை இழைகளும் வேர்களின் பிசினும் திரள்களைக் கட்டுகின்றன. ஒரே பருவத்தில் அதிசயம் எதிர்பார்த்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் பிழை.

கால்நடைக்குத் தீவனம் வேண்டுமே, கழிவையெல்லாம் நிலத்துக்கே விட முடியுமா என்பது நியாயமான மறுப்பு. முழுவதையும் விட முடியாதவர்கள், நீர் ஓடிச் சேரும் தாழ்வுகளிலும் சரிவின் மேற்பகுதியிலும் மட்டுமாவது விடலாம். அடிக்கட்டைகளை உயரமாக விட்டு அறுப்பதும் உதவும். கழிவைத் தீயிடுவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

ஜிப்சம் போடலாமா? பாலிஅக்ரிலமைடு என்கிறார்களே?

மேலே சொன்ன கண்ணாடிப் பாத்திரச் சோதனையில் பால்போன்ற மங்கல் வந்தால் ஜிப்சத்துக்கு வேலை உண்டு. அது கரைந்து கால்சியத்தைத் தருகிறது, மேற்பரப்பில் உள்ள நீரில் உப்பின் செறிவைக் கூட்டி, களி கலைவதைத் தடுக்கிறது. மேலே தூவினாலே இந்தப் பலன் கிடைக்கும். சோடியத்தின் பங்கு சில சதவீதமே இருக்கும் மண்கூட மழைநீரில் மூடிக்கொள்ளும் என்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. அதனால் பொதுவான களர்மண் (சோடியம் மிகுந்த மண்) அளவுகோலை மட்டும் பார்த்து ஜிப்சம் தேவையில்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சத்தில் பணத்தைப் போடாதீர்கள்; தொழு உரத்தில் போடுங்கள்.

பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர், துகள்களை ஒட்டிப்பிடித்துப் பொருக்கைக் குறைப்பது உண்மைதான். சோதனைகளில் ஹெக்டேருக்கு 20 கிலோ அளவிலேயே பலன் தெரிந்தது. ஜிப்சத்துடன் சேர்த்தபோது பலன் கூடியது. ஆனால் அது சிதைந்துவிடுவதால் மீண்டும் மீண்டும் போட வேண்டியிருக்கும். புதிதாக வெட்டிய சாலைச் சரிவுகள் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். சாதாரண மானாவாரி வயலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரம் நட்டால் மழைத்துளியின் அடி குறையுமல்லவா?

மரத்தின் கீழே சருகும் புல்லும் இருந்தால் மட்டும். உயரமான இலைகளில் நீர் திரண்டு, மழைத்துளியைவிடப் பெரிய துளிகளாகச் சொட்டுகிறது. பெரிய துளி ஒன்று 8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே தன் முழு வேகத்தை ஏறக்குறைய எட்டிவிடும். ஆகவே, சருகு வாரப்பட்ட அல்லது எரிக்கப்பட்ட தோப்பின் தரை, திறந்த வெளியைவிடக் கடுமையாக அடிவாங்கலாம். தேக்குபோல் பெரிய இலை கொண்ட மரங்களின் தோட்டங்களில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். மண்ணைக் காப்பதில் பெரும்பங்கு கிளைகளின் கீழே கிடக்கும் சருகுடையது. தோப்பைச் ‘சுத்தமாக’ வைத்திருப்பது மண்ணுக்குச் செய்யும் கேடு.

வயலில் உள்ள கற்களைப் பொறுக்கி எடுத்துவிடலாமா?

மேற்பரப்பின்மேல் தளர்வாகக் கிடக்கும் கற்கள் துளியின் அடியைத் தாங்குகின்றன. அவற்றின் அடியில் மண் திறந்தே இருக்கும். அவற்றை விட்டுவிடுவது நல்லது. பொருக்குக்குள் பதிந்துவிட்ட கற்கள் நேர்மாறாக நீர் வழிந்தோடுவதைக் கூட்டுகின்றன.

முளைப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. காய்ந்த பொருக்கை முட்டித் திறக்க முடியாமல் முளைகள் உள்ளேயே வளைந்து மடிகின்றன. எள், கம்பு போன்ற சிறு விதைப் பயிர்களில் இழப்பு அதிகம். ஈரமான பொருக்கு மென்மையானது என்பதால், முளைக்கும் நாட்களில் மேற்பரப்பைக் காயவிடாமல் இலேசாக நனைப்பது பல நேரங்களில் காப்பாற்றும். முளைப்பு குறைந்தால் இலைப்போர்வை தாமதமாகும், அதுவரை நிலம் மழைக்குத் திறந்தே கிடக்கும் என்பதால் அரிப்புக்கும் இது வழிவிடுகிறது.

முற்றிலும் இறுகி, எதுவும் முளைக்காத நிலத்தை மீட்க முடியுமா?

முடியும், அதற்கு மனிதர்களே சான்று. சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் பொருக்கு தட்டிப் பாழாய்க் கிடந்த பரப்புகளை, புர்கினா ஃபாசோவின் விவசாயிகள் ‘ஸாய்’ என்ற குழி முறையால் மீட்டார்கள். வறண்ட காலத்திலேயே 20 முதல் 40 செ.மீ. அகலமும் 10 முதல் 20 செ.மீ. ஆழமும் கொண்ட குழிகளை வெட்டி, எருவைப் போட்டு வைப்பார்கள். எருவைத் தேடி வரும் கறையான்கள் பொருக்குக்குக் கீழே வழிகளைக் குடைகின்றன. மழை வந்ததும், குழிகளுக்கு இடையில் உள்ள இறுகிய பரப்பில் வழியும் நீர் குழிக்குள் சேர்ந்து, அந்தக் குடைவுகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பழைய முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பியவர்களில் யாகூபா சவடோகோவின் பெயர் உலகறிந்தது. 2023இல் மறைந்த அவர், பாழ்நிலத்தில் பயிரோடு காட்டையும் வளர்த்துக் காட்டினார்.

இந்த முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது, நீரை விரட்டும் பொருக்கையே நீர் சேகரிக்கும் கூரையாகப் பயன்படுத்தியது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பண்டைய விவசாயிகளும் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். லோயெஸ் சரிவுகளில் பொருக்கு தட்டி ஓடும் நீரை, வயலின் பரப்பைப்போல் சுமார் 20 மடங்கு நிலத்திலிருந்து வாய்க்கால்களில் திரட்டி, மிகக் குறைந்த மழையில் பயிர் செய்தார்கள். நைஜரின் வறண்ட சமவெளிகளில் மனிதர் கை படாமலே இது நடக்கிறது: பொருக்கு தட்டிய வெறும் பட்டையிலிருந்து ஓடும் நீரைக் குடித்து, அடுத்த பட்டையில் புதர்கள் வரிசையாக வளர்கின்றன.

தெளிப்பு நீர்ப்பாசனத்திலும் பொருக்கு வருமா?

வரும். துளி வானத்திலிருந்து வந்ததா குழாயிலிருந்து வந்ததா என்பது மண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் குறைந்தால் தெளிப்பான் பெரிய துளிகளைக் கொட்டும். அழுத்தத்தைச் சரியாக வைத்து, நுண்துளி தரும் முனைகளைப் பொருத்தி, பயிர் நிலத்தை மூடும் வரை குறைந்த வேகத்தில் விடுங்கள். தெளிப்பானின் எல்லைக்குள் நீர் தேங்கிப் பளபளக்கத் தொடங்கினால், அந்தக் கணமே நிறுத்தி அடுத்த பகுதிக்கு மாற்றிவிட வேண்டும்.